நாள்பட்ட வலிக்கு உளவியல் சிகிச்சை: நான் செய்த தவறுகள், நீங்கள் செய்யக்கூடாதவை

இடுப்பு வலி எனக்குப் பதினோரு வருஷமாக இருக்கிறது. கடலூரில் ஆசிரியை வேலை. நாள் முழுக்க நின்றபடியே பாடம். ஸ்கேன், பெல்ட், பிசியோதெரபி, ஊசி, எண்ணெய்க் கட்டு என எல்லாம் பார்த்து முடித்தபிறகு ஒரு டாக்டர், "ஒரு சைக்காலஜிஸ்ட்டையும் பாத்துடுங்கம்மா" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை மடித்துக் கைப்பையில் போட்டேன். எட்டு மாதம் அங்கேயே கிடந்தது. "வலிக்குதுன்னு போனா, மனசு சரியில்லன்னு எழுதிக் குடுக்கறாரே" என்று வீட்டுக்காரரிடம் அழுதேன்.

நான் செய்த தவறுகளிலேயே பெரியது அந்த எட்டு மாதம்தான். உளவியல் சிகிச்சைக்கு அனுப்பினால் 'உன் வலி பொய்' என்று அர்த்தம் ஆகாது. இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் சிகிச்சை அறைக்குள் உட்கார்ந்தும் பயனில்லை. வலி நிஜம்தான் என்று நிரூபிப்பதிலேயே நேரம் போய்விடும். என் முதல் இரண்டு செஷனும் அப்படித்தான் போயின.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். பல பேருக்கு அதற்குள் முதலில் பட்ட அடி ஆறியிருக்கும். ஆனால் நரம்பும் தண்டுவடமும் மூளையும் வலிக்குப் பழகி, சின்னத் தூண்டலுக்கும் பெரிதாகக் கூவத் தொடங்கிவிடும். திருடன் வந்துபோன வீட்டு நாயைப் பார்த்திருப்பீர்கள், அப்புறம் தென்னை ஓலை விழுந்தாலும் குரைக்கும். 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு அறிஞர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள்: தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற ஏற்பாடு இருக்கிறது, வலிச் செய்தி எவ்வளவு மேலே போகலாம் என்பதை அது கூட்டிக் குறைக்கிறது. முழங்கையை இடித்துக்கொண்டதும் கை தானாகப் போய்த் தேய்க்கிறதே, அதில் வலி கொஞ்சம் அடங்குகிறதே, அது இந்தக் கதவு வேலை செய்வதுதான். மூளையிலிருந்து இறங்கி வரும் செய்திகளும் அந்தக் கதவை அசைக்கும். பயம், தூக்கமின்மை, துக்கம் ஆகியவை வலியைக் கூட்டுவது அதனால்தான். உலக வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்திய வரையறையிலும் வலி என்பது உடல் உணர்வும் மன உணர்வும் சேர்ந்த அனுபவம் என்றே இருக்கிறது. ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் அதன் குறிப்பு சொல்கிறது. இந்த ஒரு வரிக்காகவே அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது எனக்கு.

மூட்டு வாதம், சர்க்கரையால் வரும் நரம்பு எரிச்சல், புற்றுநோய் வலி என உடம்பில் காரணம் தொடர்ந்து இருக்கும் வலிகளும் உண்டு. அங்கேயும் இந்தச் சிகிச்சை உதவும், ஆனால் மருந்தோடு சேர்ந்து. இங்கேதான் சிலர் எதிர்த்திசையில் தவறுகிறார்கள். "இனிமே எல்லாம் மனசாலேயே சரி பண்ணிக்கறேன்" என்று மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிடுவது ஆபத்து. அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின், டிரமடால் போன்றவற்றைத் தொடர்ந்து எடுத்தவர்கள் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, இரண்டு தொடைக்கும் நடுவில் மரத்தாலோ, கால் திடீரென்று பலமிழந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் அடங்காமல் இரவில் எழுப்பும் புது வலி, இவற்றோடும் மனநல நிபுணரிடம் போய் உட்காரக்கூடாது, முதலில் டாக்டர்.

அடுத்தது எதிர்பார்ப்பு. 'பத்து செஷனில் வலி பறந்துவிடும்' என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் என்ற அமைப்பு நிறைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2020-இல் வெளியிட்ட தொகுப்பு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை (சி.பி.டி.) வலி, முடக்கம், மனவேதனை மூன்றிலும் சராசரியாகச் சிறிய அளவு முன்னேற்றம் தருகிறது என்றுதான் சொல்கிறது. சிறிய அளவா என்று சோர்ந்துபோக வேண்டாம். என் சிகிச்சையாளர் ஒருநாள் கேட்டார்: "வலி நாளைக்கே பாதியாயிட்டா என்னம்மா செய்வீங்க?" பேத்தியைக் கூட்டிக்கொண்டு சில்வர் பீச் போவேன், தேவனாம்பட்டினம் வரைக்கும் நடப்பேன் என்றேன். "அதுல கால்வாசிய இந்த வாரம் செய்யலாமா?" என்றார். அதுவரை என் நோட்டில் தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எத்தனை நிமிஷம் நடந்தேன், யாரோடு பேசினேன் என்று எழுத ஆரம்பித்தேன். வலி ஆறிலிருந்து ஐந்துக்கு வர மாதக்கணக்கானது. கடற்கரைக்கு இரண்டாவது வாரமே போய்விட்டேன்.

எனக்கு ரொம்பக் கெடுதல் செய்த பழக்கம் ஒன்று உண்டு. எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு அது இருக்கும். நல்லா இருக்கிற நாளில் ஒட்டடை அடிப்பது, பாத்திரம் விளக்குவது, போர்வை துவைப்பது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, மூன்று நாள் படுப்பது. எழுந்ததும் விட்ட வேலையைப் பிடிக்க மறுபடி ஓட்டம். சிகிச்சையில் இதற்குச் சொன்ன வழி எளிமையானது, பின்பற்றுவதுதான் கஷ்டம். மூன்று நாள், எத்தனை நிமிஷம் நின்றால் வலி ஏறுகிறது என்று குறித்தேன்: 20, 15, 25. சராசரி 20. அதைவிடக் குறைவாக 15 நிமிஷம் என்று வைத்துக்கொண்டோம். 15 ஆனதும் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உட்கார வேண்டும். மோசமான நாளிலும் முடிந்தவரை அந்தப் பதினைந்தைச் செய்ய வேண்டும். அடுத்த வாரம் 17. எப்போது நிறுத்துவது என்பதை வலி முடிவு செய்யாது, கடிகாரம் முடிவு செய்யும். மார்கழிக் கோலத்தில் பாதி போட்டுவிட்டுத் திண்ணையில் உட்காருவது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பழகிவிட்டது.

'பாசிட்டிவா நினைங்க' என்பதுதான் இந்தச் சிகிச்சை என்று நினைப்பது இன்னொரு தவறு. சிரித்த முகம் வைத்துக்கொள்ள யாரும் என்னைச் சொல்லவில்லை. 'குனிந்தால் டிஸ்க் நழுவிப் படுத்த படுக்கையாகிவிடுவேன்' என்ற என் பயத்தை எடுத்து, அதற்கு என்ன ஆதாரம் என்று பார்த்தோம். வலியே இல்லாதவர்களுக்கும் வயது ஏற ஏற ஸ்கேனில் டிஸ்க் புடைப்பு தெரிவது சகஜம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து பார்த்தேன்.

யாரிடம் போவது? 'கவுன்சிலிங்' என்று போர்டு மாட்டியிருப்பவர் எல்லாம் பயிற்சி பெற்றவர் இல்லை. நான் முதலில் போன இடத்தில் அரை மணி நேரம் அறிவுரை சொல்லிக் காசு வாங்கிக்கொண்டார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. நாள்பட்ட வலிக்காரர்களைப் பார்த்த பழக்கம் உண்டா என்றும் கேளுங்கள். புதுச்சேரியில் ஜிப்மரில் மனநலத் துறை இருக்கிறது. கடலூர்ப் பக்கம் அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தைப் பற்றி விசாரிக்கலாம். எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

போன பிறகு எதையும் மறைக்காதீர்கள். சுனாமியிலோ தானே புயலிலோ இழந்ததை, வீட்டுச் சண்டையை, தூக்கம் வராததை, வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பை, 'இதுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம்' என்று நான் விழுங்கினேன். சம்பந்தம் இருந்தது. வீட்டுப் பாடமாகக் கொடுக்கும் மூச்சுப் பயிற்சியையும் வலி இல்லாத நேரத்தில் செய்து பழகுங்கள். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்க முடியாது, கெடிலம் ஆற்றுக் கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "நெனச்சிக்கிட்டே இருந்தா வலிக்கத்தான் செய்யும்" என்று என் மாமியார் சொன்னது புண்படுத்தியது. ஆனால் என் மகன் பாசத்தில் செய்ததும் கெடுதலாகவே முடிந்தது: "அம்மா வலிக்குதா? நீ உக்காரு, நான் செய்றேன்." ஒரு நாளைக்கு இருபது தடவை. அப்படிக் கேட்கும்போதெல்லாம் என் கவனம் இடுப்புக்கே திரும்பியது, கைகாலும் வேலையை மறந்தன. ஒரு செஷனுக்கு அவனையும் கூட்டிப் போனேன். இப்போது "இன்னைக்கு எவ்ளோ தூரம் நடந்தே?" என்று கேட்கிறான்.

கடைசியாக, வலி திரும்ப ஏறினால் 'சிகிச்சை தோற்றுவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள். ஏறத்தான் செய்யும். அதற்கென்று நல்ல நாளிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது: புது அறிகுறி ஏதாவது இருக்கிறதா, இருந்தால் டாக்டர். இல்லையென்றால் நடையைப் பாதியாகக் குறை, நிறுத்தாதே. வெந்நீர்ப் பை. பத்து நிமிஷம் மூச்சை மெதுவாக வெளியே விடு. வீட்டில் ஒரு தடவை சொல், திரும்பத் திரும்பச் சொல்லாதே. மூன்றாம் நாள் பழைய அளவுக்கு ஏறத் தொடங்கு. போன தீபாவளிக்கு மறுநாள் பீரோவைத் திறந்து அதைப் படித்தேன். நாலாம் நாள் பள்ளிக்கூடம் போனேன், மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு.