'ஆஃப்'புக்குப் பின்னால் வரும் பன்மை

ஏற்றுமதி அலுவலக வேலை. தினமும் 20, 30 மெயில் ஆங்கிலத்தில் போகும். பல வருடமாக ஒரே தப்பு செய்துகொண்டிருந்தேன்: "த லிஸ்ட் ஆஃப் ஐட்டம்ஸ் ஆர் அட்டாச்டு." சரக்கு வாங்குபவர் ஒருவர் அந்த 'ஆர்'-ஐ 'இஸ்' என்று திருத்தி அனுப்பினார். மனசு சங்கடப்பட்டது, அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன்.

தமிழில் "பொருட்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது" என்கிறோம். பட்டியல்தான் வினையை ஒட்டி நிற்கிறது, குழம்ப வழியில்லை. ஆங்கிலத்தில் வரிசை தலைகீழ். 'லிஸ்ட்' முன்னால் போய்விட, 'ஐட்டம்ஸ்' வினைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காது அந்தப் பன்மையைப் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலமே தாய்மொழியானவர்களும் இந்த இடத்தில் சறுக்குவதுண்டு.

இப்போதெல்லாம் அனுப்புமுன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். "பெட்டிகளின் எடை" என்றால் கடைசியில் நிற்பது எடை. ஆகவே 'த வெயிட் ஆஃப் த பாக்ஸஸ் இஸ்'. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று நம்மில் பலர் சொல்வதும் இப்படியே சரியாகிறது. "என் நண்பரில் ஒருவர்" என்று யார் சொல்வார்கள்? நண்பர்களில்தானே! அதனால் 'ஃப்ரெண்ட்ஸ்', வினை மட்டும் ஒருமை.

என்னை ரொம்ப நாள் படுத்தியது 'நம்பர்'. 'எ நம்பர் ஆஃப் பாக்ஸஸ் ஆர் டேமேஜ்டு', ஆனால் 'த நம்பர் ஆஃப் பாக்ஸஸ் இஸ் 40'. இதற்கும் தமிழே கைகொடுத்தது. முதலாவது "பல பெட்டிகள்", இரண்டாவது "பெட்டிகளின் எண்ணிக்கை".