கார் ஏசியில் அனல் காற்று வருகிறதா? கேஸ் நிரப்பும் முன் ஹீட்டரைப் பாருங்கள்

கத்திரி வெயிலில் காருக்குள் ஏசி போட்டும் அடுப்படியில் நிற்பது மாதிரி காற்று வந்தால், யாரைக் கேட்டாலும் முதலில் 'கேஸ் போயிருக்கும்' என்பார்கள். போன மே மாதம் எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். கேஸ் நிரப்பி, பணம் கொடுத்து வீடு வந்து சேர்வதற்குள் மறுபடியும் அதே அனல். கடைசியில் பார்த்தால் ஹீட்டர் கேபிளைப் பிடித்திருந்த ஒரு பிளாஸ்டிக் கிளிப் கழன்றிருந்தது, அவ்வளவுதான். அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

டேஷ்போர்டுக்குள் ஹீட்டர் கோர் என்று ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், இன்ஜினில் சூடாகி அதற்குள் ஓடும். ஏசி குளிர வைத்த காற்று, ஹீட்டர் கோர் வழியாகப் போகலாமா, ஒதுங்கிப் போகலாமா என்று முடிவு செய்வது நடுவில் உள்ள ஒரு மடல். நீலத்திலிருந்து சிவப்புக்குத் திருப்புகிறோமே, அந்த நாப் அசைப்பது இதைத்தான். மடல் சூட்டுப் பக்கமே நின்றுவிட்டால், ஏசி எவ்வளவு குளிர வைத்தாலும் ஹீட்டர் அதைத் திரும்பச் சுட வைத்துவிடும்.

காலையில் ஒரு சோதனை

இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். திறந்த இடத்தில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம். ஏசியை அணைத்து, நாபை முழு நீலத்தில் வைத்து, ஃபேனை மட்டும் ஓட விடுங்கள். முதலில் சாதாரணக் காற்று வரும். இன்ஜின் சூடேற ஏற, பத்து நிமிடத்தில் காற்றும் நன்றாகச் சூடானால் கோளாறு ஹீட்டர் பக்கம். சூடாகாமல் வெளிக்காற்று போலவே இருந்து, ஏசி போட்டாலும் குளிரவில்லை என்றால் அப்போது கேஸ், கம்ப்ரஸரைச் சந்தேகிக்கலாம். இடையில் டெம்பரேச்சர் முள் சிவப்பை நெருங்கினால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். அது வேறு பிரச்சினை. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

நாபும் கேபிளும்

கோளாறு ஹீட்டரில்தான் என்று தெரிந்துவிட்டதா? சரி, இன்ஜினை அணைத்துவிட்டு நாபைத் திருப்பிப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் லொடலொடவென்று சுற்றினால் கேபிள் கழன்றிருக்கும். பாறை மாதிரி இறுகியிருந்தால் வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள், நாப் உடையும்.

அப்புறம் செல்போன் டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் குனியுங்கள். சில வண்டிகளில் ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கு மேலே, சிலவற்றில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால், கறுப்பு உறை போட்ட கம்பி ஒன்று, அதாவது அந்தக் கேபிள், மடலை அசைக்கும் ஒரு சின்ன லீவரில் மாட்டியிருக்கும். ஒருவர் நாபைத் திருப்ப, நீங்கள் லீவரைப் பாருங்கள். என் வண்டியில் லீவர் அசையவே இல்லை; கம்பியின் உறைதான் முன்னும் பின்னும் போய்வந்தது. உறையைப் பிடிக்கும் கிளிப் விட்டிருந்தால் இப்படித்தான் ஆகும். லீவரைக் கையாலேயே மறுகோடிக்குத் தள்ளி, நாபை முழு நீலத்தில் வைத்து, உறையைக் கிளிப்புக்குள் அழுத்தினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. கிளிப் உடைந்திருந்தால் ஒரு கேபிள் டை போட்டு இறுக்கினாலும் நிற்கும். மஞ்சள் நிற ஒயர்களை மட்டும் தொடாதீர்கள். பெரும்பாலும் அவை ஏர்பேக்குடையவை.

ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள வண்டியில் கேபிளுக்குப் பதிலாக ஒரு குட்டி மோட்டார். வெப்பநிலையை மாற்றும்போது உள்ளே 'டிக் டிக்' என்று தொடர்ந்து சத்தம் வந்தால் அதன் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் அந்த மோட்டாரை மட்டும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

சில வண்டிகளில் இன்ஜின் பக்கம், ஹீட்டருக்குப் போகும் ஹோஸில் ஒரு வால்வும் இருக்கும். நாப் நீலத்தில் இருக்கும்போது வால்வைத் தாண்டிய ஹோஸும் கொதித்தால் வால்வு மூடவில்லை என்று அர்த்தம். வால்வே இல்லாத வண்டியில் இரண்டு ஹோஸும் எப்போதும் சூடாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

பைபாஸ் செய்யலாமா?

ஹீட்டர் ஹோஸ் இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்து, ஹீட்டரையே துண்டித்துவிடும் வழக்கம் நம் ஊரில் உண்டு. ஹீட்டர் கோர் ஒழுகி, முன்சீட்டில் கால் வைக்கும் இடத்து மேட் ஈரமாகி இனிப்பு வாடை வந்தால், அவசரத்துக்கு அது சரி. மற்றபடி எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டிசம்பரில் ஊட்டி, கொடைக்கானல் ஏறும்போது முன்கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தை விரட்ட அந்தச் சூடான காற்று நிச்சயம் தேவைப்படும்.