ஷெல் கணக்கில் சத்தமில்லாத ஓவர்ஃப்ளோ: கண்டுபிடிப்பதும் தவிர்ப்பதும்

கணினி தரும் நேரத்தை நானோவிநாடியில் பலமுறை பதிந்து, அவற்றின் சராசரியைக் கணக்கிடும் பாஷ் (கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் நிரல்களில் ஒன்று) ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதியிருந்தேன். ஐந்து பதிவுகள் வரை சரியான விடை தந்த அது, ஆறாவது சேர்ந்ததும் எதிர்மறை எண்ணைக் காட்டியது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. எண் தனக்குரிய எல்லையை இப்படி மீறுவதுதான் ஓவர்ஃப்ளோ.

முதலில் எல்லையை உங்கள் டெர்மினலிலேயே பாருங்கள். விடையைத் திரையில் காட்டும் எக்கோ (echo) கட்டளைக்கு $((9223372036854775807 + 1)) என்று கொடுத்தால் -9223372036854775808 கிடைக்கும். பாஷ் குறியுள்ள (நேர்மறை, எதிர்மறை இரண்டும் அடங்கிய) 64 பிட் முழு எண்களில் கணக்கிடுகிறது; அவற்றில் மிகப் பெரியது 9223372036854775807. பூஜ்யத்தால் வகுத்தால் உடனே கண்டிக்கும் அது, எல்லை மீறலைச் சோதிப்பதே இல்லை. நான் பதிந்த நேரங்கள் 17 என்று தொடங்கும் 19 இலக்க எண்கள் என்பதால், ஐந்தின் கூட்டுத்தொகை எல்லைக்குள் அடங்கியது, ஆறின் கூட்டுத்தொகை அடங்கவில்லை.

அடுத்தது சோதனை. விடை எதிர்மறையா என்று பார்த்தால் போதும் என நினைத்து நான் ஏமாந்த இடம் இதுதான். அதே அளவுள்ள 11 பதிவுகளைக் கூட்டினால், எண் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மீண்டும் நேர்மறையாகவே வந்து நிற்கும்; பார்வைக்கு ஒழுங்காக இருக்கும் அந்த விடை முற்றிலும் தவறு. ஆகவே கூட்டுவதற்கு முன்பே, 9223372036854775807இலிருந்து புதிய எண்ணைக் கழித்து, இதுவரையிலான கூட்டுத்தொகை அதைவிடப் பெரியதா என ஒப்பிட வேண்டும். இரண்டு எண்களும் நேர்மறையாக இருக்கும்வரை இச்சோதனை செல்லும்.

பெரிய எண்கள் தவிர்க்க முடியாதவை என்றால் பிசி (bc) என்ற கணிப்பான் கட்டளையைப் பயன்படுத்துங்கள்; அதற்கு இலக்க வரம்பு ஒரு தடையல்ல. ஆனால் கணக்கை மேற்கோள் குறிகளுக்குள் வெறும் எழுத்தாக எழுதி, குழாய்க் குறி (|) வழியே அனுப்ப வேண்டும். $((...)) என்று எழுதி அனுப்பினால், ஷெல் முன்னதாகவே தவறாகக் கணக்கிட்டு, கெட்டுப்போன விடையைத்தான் பிசியிடம் கொடுக்கும்.

என் விருப்பம் இதைவிட எளியது: ஒவ்வொரு பதிவிலிருந்தும் முதல் பதிவைக் கழித்து, சிறிய வித்தியாசங்களுக்குச் சராசரி கண்டு, இறுதியில் முதல் பதிவைக் கூட்டிக்கொள்வேன். வேறு கருவியே தேவைப்படாது.

பின்சேர்க்கை: கணக்கும் போடத் தெரிந்த ஆக் (awk) என்ற உரைச் செயலாக்கக் கட்டளை போதாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வழக்கமான ஆக் மிதவைப் புள்ளி எண்களில் (குறிப்பிட்ட அளவு இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும் தசம எண் வடிவம்) கணக்கிடுவதால், 9007199254740992ஐத் தாண்டிய எல்லா முழு எண்களையும் அதனால் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. இந்த நேரப் பதிவுகளை 256இன் மடங்குகளாகச் சத்தமில்லாமல் திருத்திவிடும்.