செலினியம் டிரான்சிஸ்டர்: கிராஃப் தாளில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ரங்கூனில் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். போன வாரம் கரண்ட் போய் எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் கேட்டாள்: “அண்ணே, கரிமப் பொருளில் டிரான்சிஸ்டர் செய்கிறார்களாமே, அதில் செலினியம் எதற்கு?”

அதைச் செய்து பார்க்க வெற்றிடக் கருவி வேண்டும், தங்கத்தை ஆவியாக்கிப் படிய வைக்க வேண்டும். நம்மிடம் அது இல்லை. ஆனால் அளந்து தந்த எண்களை வைத்து ஒரு டிரான்சிஸ்டரின் தரத்தை, அதாவது அதில் மின்சுமை எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பென்சிலும் கிராஃப் தாளும் போதும்.

முதலில் பொருள். கார்பன் வளையங்கள் ஒட்டி ஒட்டி அமைந்த தட்டையான மூலக்கூறுகள்தான் பெரும்பாலான கரிமக் குறைகடத்திகள் (டிரான்சிஸ்டரில் மின்சாரம் ஓடும் பொருள்). பலவற்றில் வளையத்துக்குள் கந்தக அணு இருக்கும். அதை எடுத்துவிட்டு, தனிம அட்டவணையில் அதற்கு நேர் கீழே இருக்கும் செலினியத்தை வைக்கலாம். கந்தகத்தின் அணு எண் 16, செலினியத்துக்கு 34. அணு பெரிது, எலக்ட்ரான் மேகமும் தளர்வாக விரிந்திருக்கும். பக்கத்து மூலக்கூறின் மேகத்தோடு அது நன்றாகக் கலந்தால் மின்சுமை சுலபமாகத் தாவும். எதிர்பார்ப்பு அதுதான்.

நம் குன்யாக் கடையை, அதாவது வெற்றிலைபாக்குக் கடையைப் பாருங்கள். ஈரத் துணிமேல் வெற்றிலையை ஒன்றின்மேல் ஒன்று ஏறினாற்போல் அடுக்கி வைத்திருப்பார்கள். பெரிய இலை என்றால் அடுத்த இலையைக் கூடுதலாக மூடும். ஆனால் அதே பெரிய இலையைக் கோணலாக வைத்தால் நுனி மட்டும்தான் தொடும். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அடுத்து, சாதனம். அடியில் சிலிக்கான் தகடு, அதுவே கேட்: இதில் கொடுக்கும் மின்னழுத்தம்தான் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். அதன்மேல் 300 நானோமீட்டர் தடிமனில் சிலிக்கான் ஆக்சைடு. அதன்மேல் கரிமப் படலம். மேலே இரண்டு தங்கப் பட்டைகள், சோர்ஸும் டிரெயினும்: மின்னோட்டம் இவை இரண்டுக்கும் இடையில்தான் ஓடும். இவற்றுக்கு இடையில் உள்ள தூரம் நீளம், பட்டை எவ்வளவு அகலமோ அது அகலம்.

இனி கணக்கு. அகலம் 1000 மைக்ரோமீட்டர், நீளம் 50 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 20. அந்த ஆக்சைடின் மின்தேக்குத்திறன் ஒரு சதுர செ.மீ.க்கு 0.0115 மைக்ரோஃபாரட். டிரெயினில் −60 வோல்ட் கொடுத்தாயிற்று. கேட்டில் −30 வோல்ட் வைத்தால் 49 மைக்ரோஆம்பியர், −40 வைத்தால் 110, −50 வைத்தால் 196 ஓடுகிறது. பயிற்சிக்காக நான் எழுதிய எண்கள் இவை.

கிடை அச்சில் கேட் மின்னழுத்தம். நிலை அச்சில் மின்னோட்டத்தை அப்படியே வரையாதீர்கள், வளைகோடுதான் வரும். வர்க்கமூலம் எடுங்கள்: 7, 10.5, 14. இப்போது மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் விழும். 20 வோல்ட்டுக்கு 7 ஏறுகிறது, ஆக சாய்வு 0.35. கோட்டைக் கீழே நீட்டினால் −10 வோல்ட்டில் அச்சைத் தொடும். அதுதான் தொடக்க மின்னழுத்தம், டிரான்சிஸ்டர் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும் இடம்.

சாய்வின் வர்க்கம் 0.1225. அதை இரண்டால் பெருக்கினால் 0.245. வகுக்கும் எண், அகல-நீள விகிதத்தை மின்தேக்குத்திறனால் பெருக்கியது: 20 × 0.0115, அதாவது 0.23. வகுத்தால் சுமார் 1.07. இதுதான் இயக்கத்திறன், மின்சுமை எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்பதன் அளவு; அலகு சதுர செ.மீ./வோல்ட்-வினாடி. டிவித் திரைகளில் பயன்பட்ட படிகமற்ற சிலிக்கானும் 1-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

ஒரு இடத்தில் கவனம் வேண்டும். நிஜ அளவீடுகளில் கோடு சில நேரம் நடுவில் மடங்கும்: தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, பிறகு சாய்ந்துவிடும். செங்குத்துப் பகுதியை மட்டும் பிடித்துக் கணக்கிட்டால் எண் பெரிதாக வரும், ஆனால் அதை நம்ப முடியாது. தங்கத்துக்கும் படலத்துக்கும் இடையிலான தடை இப்படிக் காட்டிவிடும். கோடு மடங்கியிருந்தால், மடங்கியிருக்கிறது என்று தாளிலேயே எழுதிவிடுங்கள்.

சரி, அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் யமமோட்டோவும் தகிமியாவும் 2007-ல் ஆறு வளையங்கள் கொண்ட ஒரே வடிவ மூலக்கூறைக் கந்தகத்தோடும் செலினியத்தோடும் செய்து பார்த்தார்கள். இயக்கத்திறனில் கந்தகம் 2.9 வரை போனது, செலினியம் 1.9. பெரிய அணு தோற்றது! மின்சுமையைச் சுமக்கும் மேகம் அந்த அணுவின் மேல் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது, படிகத்தில் மூலக்கூறுகள் எப்படி அடுக்கின, படலம் எவ்வளவு ஒழுங்காகப் படிந்தது, எல்லாமே சேர்ந்துதான் முடிவு. வெற்றிலை பெரிதா என்பதோடு, எப்படி வைத்தோம் என்பதும். அதனால்தான் “செலினியம் போட்டால் வேகம் கூடும்” என்று நான் பிள்ளைகளுக்கு ஒற்றை வரியில் சொல்லித் தருவதில்லை.

அடுத்த ஞாயிறுக்குள் இதைப் போட்டு வாருங்கள்: அகலம் அதேதான், நீளம் மட்டும் 100 மைக்ரோமீட்டர். −30 வோல்ட்டில் 36, −50-ல் 144 மைக்ரோஆம்பியர். மின்னோட்டம் முதல் சாதனத்தைவிடக் குறைவு, ஆனாலும் இயக்கத்திறன் 1.57 வர வேண்டும். ஏன் என்றும் ஒரு வரி எழுதி வாருங்கள்.