அமெரிக்க காமிக்ஸ் வரலாறு: புத்தகம் வாங்கும்போதும் படிக்கும்போதும் சறுக்கும் இடங்கள்

'மேட்' என்ற அமெரிக்க நையாண்டி இதழ் ஏன் காமிக்ஸ் வடிவத்தை விட்டது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். 1954-ல் காமிக்ஸ் கோட் என்ற தணிக்கை வந்தது, அதற்குப் பயந்து பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் 1955-ல் 24-ஆம் இதழிலிருந்து அதை அந்தத் தணிக்கைக்குள் வராத பெரிய அளவுப் பத்திரிகையாக மாற்றிவிட்டார். கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. நடந்தது வேறு. ஆசிரியர் ஹார்வி கர்ட்ஸ்மேனை 'பேஜன்ட்' என்ற பத்திரிகை வேலைக்கு அழைத்தது. வழவழப்பான தாளில் ஒரு பத்திரிகை நடத்த வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆளைக் கைவிட மனமில்லாமல் கெய்ன்ஸ் வடிவத்தை மாற்றச் சம்மதித்தார். தணிக்கையிலிருந்து தப்பியது அதில் கிடைத்த உபரி லாபம்.

காமிக்ஸ் வரலாற்றில் இப்படிக் கச்சிதமான கதைகள் ஏராளம். ஒருவர் பேட்டியில் சொன்னதை அடுத்தவர் புத்தகத்தில் போடுவார், அதை மூன்றாமவர் எடுத்தாள்வார், அதற்குள் அது வரலாறாகிவிடும். அண்மைக்கால நூல்களில் நல்லவை நீதிமன்ற ஆவணம், கடிதம், மூல ஓவியப் பக்கம் ஆகியவற்றைத் தேடிப் பார்த்து எழுதப்பட்டவை. மற்றவை பழைய கதையையே புது அட்டை போட்டு விற்பவை. இரண்டும் ஒரே விலையில், ஒரே தடிமனில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கப்பட்டிருக்கும்.

எனவே வாங்கும்முன் அட்டையைவிடக் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். பின்குறிப்புகளும் பெயர்ச்சுட்டும் இல்லாத 400 பக்க வரலாறு என்றால் அது படம் பார்க்க மட்டும்தான். பின்குறிப்பு இருந்தாலும் ஐந்தாறைப் படித்துப் பாருங்கள். எல்லாமே வேறு வரலாற்று நூல்களைச் சுட்டினால் அது இரண்டாம் கை. பெட்டி எண், கோப்பு எண், கடிதத் தேதி என்று வந்தால் எழுதியவர் நூலகத்துக்குப் போயிருக்கிறார். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பில்லி அயர்லாந்து நூலகமும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் காமிக்ஸ் சேகரிப்பும் நன்றியுரையில் தென்படுகின்றனவா என்று பார்ப்பதும் நல்ல சோதனை. காப்புரிமைப் பக்கத்தையும் விடாதீர்கள். மார்வெலோ டிசியோ காப்புரிமை வைத்திருந்தால் அது அந்த நிறுவனம் வெளியிட்ட, அல்லது அதன் ஒப்புதலோடு வந்த வரலாறு. படங்கள் அருமையாக இருக்கும், சம்பளத் தகராறும் வழக்கும் இரண்டு வரியில் முடிந்துவிடும்.

தமிழ் வாசகர்களுக்கென்றே ஒரு சறுக்கல் உண்டு. முத்து, லயன், ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் அமெரிக்க வரலாற்று நூலை வாங்கி இரும்புக்கை மாயாவியைத் தேடுவார்கள். இருக்காது. அவர் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 1962-ல் பிறந்தவர். டெக்ஸ் வில்லர் 1948-ல் இத்தாலியில் வந்தவர், லக்கி லூக் பெல்ஜியத்துக்காரர். கௌபாய் தொப்பி இருந்தால் அமெரிக்கர் என்று அர்த்தமில்லை. சரி, வேதாளரும் மாண்ட்ரேக்கும் ரிப் கிர்பியும் அசல் அமெரிக்கர்கள்தானே? ஆம், ஆனால் அவர்கள் நாளிதழ்த் தொடர்கள். லீ ஃபால்க்கின் மாண்ட்ரேக் 1934-லும் வேதாளர் 1936-லும் கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட் வழியாக நாளிதழ்களில் வந்தவை. 'காமிக் புக்' வரலாறு என்று தலைப்பிட்ட நூல் தனி இதழ்களைப் பற்றிப் பேசும். நாளிதழ்ப் பட்டைத் தொடர்களுக்கு முதல் அத்தியாயத்தில் ஏழெட்டுப் பக்கம் ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடும். வேதாளருக்காக வாங்குபவர்கள் 'காமிக் ஸ்ட்ரிப்' வரலாறு என்று பார்த்து வாங்க வேண்டும்.

அட்டைத் தேதி

வெளியீட்டுத் தேதியில் எழுத்தாளர்களே தடுமாறுவார்கள். அட்டையில் அச்சிட்ட மாதம் அந்த இதழ் வெளிவந்த மாதமல்ல. எப்போது அதைக் கடைக்காரர் தட்டிலிருந்து எடுத்து ரிட்டர்ன் அனுப்பலாம் என்பதற்கான குறிப்பு அது. அதனால் இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே இதழ் கடைக்கு வந்துவிடும். சூப்பர்மேன் அறிமுகமான 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் அட்டையில் ஜூன் 1938, கடைக்கு வந்தது ஏப்ரலில். ஸ்பைடர்மேன் அறிமுகமான இதழில் ஆகஸ்ட் 1962, வந்தது ஜூனில்.

இரண்டு மாதத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். கேப்டன் அமெரிக்கா ஹிட்லர் முகத்தில் குத்துவிடும் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட தேதி மார்ச் 1941. உண்மையில் அது 1940 டிசம்பர் 20 வாக்கில் விற்பனைக்கு வந்தது. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு, அமெரிக்கா போரில் சேரலாமா கூடாதா என்று உள்ளூரில் அடித்துக்கொண்டிருந்த காலத்தில். ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் அந்த அட்டையைப் போட்டது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பது அந்தத் தேதி தெரிந்தால்தான் புரியும். ஒரு நூல் 'இந்தச் செய்தியின் தாக்கத்தில் இந்தக் கதை உருவானது' என்று சொன்னால், அட்டைத் தேதியிலிருந்து இரண்டு மூன்று மாதம் கழியுங்கள். எழுதி, வரைந்து, அச்சடிக்க இன்னும் சில மாதம் கழியுங்கள். பல 'தாக்கங்கள்' செய்தி வருவதற்கு முன்பே அச்சகம் போயிருக்கும்.

1954

இந்த ஆண்டைப் பற்றி எழுதாத காமிக்ஸ் வரலாறு இல்லை. இதைப்போல் குழப்பி எழுதப்பட்ட ஆண்டும் இல்லை. அமெரிக்க அரசு காமிக்ஸைத் தடை செய்தது என்பார்கள். நாடாளுமன்றம் எந்தத் தடைச் சட்டமும் போடவில்லை. மேலவைத் துணைக்குழு ஏப்ரலிலும் ஜூனிலும் நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. செப்டம்பரில் பதிப்பாளர்கள் தாங்களே சங்கம் அமைத்து, அக்டோபரில் காமிக்ஸ் கோட் விதிகளை எழுதிக்கொண்டார்கள். அதற்கு இணங்கிய இதழின் அட்டையில் சங்கத்தின் முத்திரை இருக்கும். வலிமை முத்திரையில் இல்லை, விநியோகத்தில் இருந்தது. முத்திரை இல்லாத கட்டைப் பிரிக்காமலேயே ஏஜென்ட் திருப்பி அனுப்பிவிடுவார். அன்று விற்பனையில் முன்னணியில் இருந்த டெல் நிறுவனமோ சங்கத்தில் சேரவே இல்லை. டிஸ்னி இதழ்கள் அவர்களுடையவை, யார் திருப்பி அனுப்பப்போகிறார்கள்? டெல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் 1954-ஐ விளக்கும் நூல் பாதிக் கதைதான் சொல்கிறது.

அடுத்தது, காமிக்ஸ் சிறுவர்களைக் கெடுக்கிறது என்று 1954-ல் நூல் எழுதிய மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம். அவரை முழு வில்லனாக்குவது ஒரு தவறு, அவருடைய ஆதாரங்களை அப்படியே நம்புவது இன்னொரு தவறு. ஹார்லெமில் ஏழைக் கறுப்பின மக்களுக்காக லஃபார்க் மருத்துவமனையை நடத்தியவர் அவர். பள்ளிகளில் இனப்பிரிவினைக்கு எதிரான வழக்கிலும் சாட்சி சொன்னார். பதிப்பாளர்கள் எழுதிய காமிக்ஸ் கோட் விதிகளும் அவருக்கு உடன்பாடில்லை. சிறுவர்களுக்கு விற்பதைத்தான் சட்டத்தால் தடுக்கச் சொன்னார். அதே நேரம், 2010-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவருடைய கோப்புகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட, கரோல் டில்லி என்ற ஆய்வாளர் அவற்றை நூலோடு ஒப்பிட்டார். பிள்ளைகளின் வாக்குமூலங்களை வெர்தம் வெட்டியும் ஒட்டியும் மாற்றியும் எழுதியிருந்தது தெரியவந்தது. அந்தக் கட்டுரை 2012-ல் வெளியானது. ஆகவே 2012-க்கு முந்தைய நூல், எவ்வளவு நல்ல நூலானாலும், இந்த இடத்தில் பழையது. புதிய நூலில் டில்லி பெயர் பெயர்ச்சுட்டில் இல்லையென்றால் சந்தேகப்படலாம்.

யார் எழுதியது, யார் வரைந்தது

பெயர் போட்டிருப்பதை நம்பாதீர்கள். பேட்மேன் கதைகளில் 1939 முதல் பாப் கேன் பெயர்தான். கூட உருவாக்கிய கதாசிரியர் பில் ஃபிங்கர் 1974-ல் இறந்தார், டிசி அதிகாரபூர்வமாக அவருக்குப் பங்கு கொடுத்துப் பெயர் போட ஒப்புக்கொண்டது 2015-ல். மார்வெலில் கதை வேறு. அங்கே கதாசிரியர் முழுத் திரைக்கதை எழுதித் தருவதில்லை. ஸ்டான் லீயும் ஓவியரும் கதையைச் சுருக்கமாகப் பேசிக்கொள்வார்கள், சில சமயம் அதுகூட இருக்காது. ஓவியர் பக்கங்களை வரைந்து முடித்தபின் லீ வசனம் எழுதுவார். இதழில் 'எழுதியவர் ஸ்டான் லீ' என்று வரும். லீயும் ஓவியர் கிர்பியும் பிற்காலத்தில் சொன்னவை ஒன்றோடொன்று பொருந்தாது. இவர்கள் உருவாக்கிய ஃபென்டாஸ்டிக் ஃபோர் பிறந்தது 1961-ல், லீ தன் கதையை நூலாக்கியது 1974-ல், கிர்பியின் காரமான பேட்டி வந்தது 1990-ல். ஒருவர் பக்கம் சாய்ந்து எழுதிய நூலை மட்டும் படித்தால் அந்தப் பக்கமே சாய்ந்துவிடுவீர்கள்.

நினைவை விட்டுவிட்டுத் தாளைப் பார்க்க வேண்டும். 'ஜாக் கிர்பி கலெக்டர்' இதழ் 1994 முதல் கிர்பியின் பென்சில் பக்கங்களின் நகல்களை அச்சிடுகிறது. கட்டங்களுக்கு வெளியே ஓரத்தில் கிர்பியின் கையெழுத்தில் குறிப்புகள் இருக்கும்: இவன் இதைச் சொல்கிறான், இவள் ஏன் பயப்படுகிறாள், அடுத்து என்ன நடக்கப்போகிறது. வசனம் எழுதுபவருக்காக ஓவியர் எழுதிய கதைக் குறிப்பு அது. ஓரக்குறிப்பையும் அச்சான வசன பலூனையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், லீ எதை எடுத்துக்கொண்டார், எதை மாற்றினார், எங்கே தன் கேலியைச் சேர்த்தார் என்பது தெரியும். நூறு பேட்டியைவிட அந்த ஒரு பக்கம் மேல்.

அதே பதிப்பகத்தின் 'ஆல்டர் ஈகோ' முக்கியமாக 1940கள் முதல் 60கள் வரையும், 'பேக் இஷ்யூ' 1970-க்குப் பிறகும் கவனிக்கும் இதழ்கள். ஆல்டர் ஈகோ 1961-ல் ரசிகர் இதழாகத் தொடங்கி, 1999-ல் மறுபடி ஒன்றாம் எண்ணிலிருந்து வந்தது. எண்ணை மட்டும் சொல்லிப் பழைய பிரதி கேட்டால் வேறொன்று வந்து சேரும். ஆண்டையும் சேர்த்துக் கேளுங்கள். தபால் செலவு கட்டுப்படியாகாது என்பவர்களுக்குப் பிடிஎஃப் பதிப்பும் விற்கிறார்கள்.

இணையத்தில் கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் பெரிய உதவி. அங்கே ஒரு பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தால், அது உறுதியில்லாத ஊகம் என்று பொருள். புத்தகத்துக்குப் போகும்போது அந்தக் கேள்விக்குறி எப்படியோ காணாமல் போய்விடுகிறது.

எண்ணிக்கை

1991-ல் வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் 81 லட்சம் விற்றதாகப் படித்திருப்பீர்கள். அது கடைக்காரர்கள் ஆர்டர் செய்த எண்ணிக்கை. அதற்குள் காமிக்ஸ் கடைகள் பெரும்பாலும் ரிட்டர்ன் இல்லாத முறைக்கு மாறியிருந்தன. விற்காதது கடைக்காரர் தலையில். ஐந்து அட்டைகளில் வந்ததால் ஒரே ஆள் ஐந்தும் வாங்கினார். அந்த இதழ் இன்றும் மலிவாகக் கிடைப்பது அதனால்தான். அச்சிட்டது, அனுப்பியது, விற்றது மூன்றையும் பிரித்துச் சொல்லாத நூலின் எண்களை ஒதுக்கிவிடுங்கள். 1960 முதல் பல இதழ்கள் தபால் சலுகைக்காக ஆண்டுக்கொருமுறை அச்சிட்ட விற்பனை அறிக்கை ஓரளவு நம்பத்தக்கது. அந்த முதல் ஆண்டில் டிஸ்னியின் அங்கிள் ஸ்குரூஜ் வாத்து சராசரியாக 10 லட்சத்தைத் தாண்டியது, சூப்பர்மேன் 8 லட்சத்துச் சொச்சம். சூப்பர் ஹீரோக்களை மட்டும் பேசும் நூல்கள் இந்த வாத்தை வசதியாக மறந்துவிடும்.

மறுபதிப்பை அசலென்று எண்ணுவது

பழைய காமிக்ஸின் வண்ணம் என்பது நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்று மையும் தலா 25, 50, 100 சதவீதத்தில் புள்ளிகளாகக் கலப்பது. மை போடாததையும் சேர்த்தால் நான்கு நிலை, ஆக 64 நிறங்கள். அதைப் பழுப்பேறும் செய்தித்தாளுக்காகக் கணக்கிட்டார்கள். இன்றைய கெட்டி அட்டைத் தொகுப்புகள் பலவற்றில் கணினியில் மறுவண்ணம் தீட்டி வழவழப்பான தாளில் அச்சிடுகிறார்கள். தாளில் அடங்கிக் கிடந்த சிவப்பு இங்கே கண்ணைக் குத்தும். அதை வைத்து அந்தக் கால வண்ண ரசனையை எடைபோடக் கூடாது. வானத்தையோ முகத்தையோ பூதக்கண்ணாடியில் பாருங்கள். பெரிய புள்ளிகள் தெரிந்தால் அசல் பக்கத்தை ஸ்கேன் செய்தது, வழுவழு என்றிருந்தால் மறுவண்ணம். டிஜிட்டல் காமிக் மியூசியம் தளத்தில் காப்புரிமை முடிந்த பழைய இதழ்களின் ஸ்கேன் இலவசம், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

விலை கொடுத்து ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டிசி 1974-ல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழை விளம்பரங்கள் உட்பட அப்படியே மறுபதிப்பு செய்து, மேலே தனியாக ஓர் அட்டை போட்டது. அந்த வெளியட்டையைக் கழற்றினால் உள்ளே இருப்பது 1938 இதழின் மறு அச்சு, அட்டையில் 10 சென்ட் விலையோடு. அப்படிக் கழற்றி அசலென்று விற்றவர்கள் உண்டு. ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். அசல் ஏறக்குறைய 7¾ அங்குல அகலம், உயரம் 10½ அங்குலத்துக்குள். மறுபதிப்பு 10-க்கு 13½. வெளியட்டை போன அந்த மறுபதிப்புக்குச் சந்தையில் பெரிய மதிப்பு கிடையாது.