ஜனவரியில் புது வகுப்புக்கு மொத்தமாகக் கூகுள் கணக்குத் திறப்பவர்களுக்கு

மூதூரோ நிலாவெளியோ, திருகோணமலைப் பக்கப் பாடசாலைகளில் கூகுள் வர்க்ஸ்பேஸை, அதாவது பாடசாலைக்கான கூகுள் மின்னஞ்சல், கணக்குச் சேவையைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் ஐசிடி ஆசிரியர்தான். தரம் 6 பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சேர்க்கத் தேவையில்லை. அட்மின் பக்கத்திலேயே வெற்று சிஎஸ்வி கோப்பு (எக்செலில் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு) கிடைக்கும். நிரப்பி ஏற்றினால் சரி.

மின்னஞ்சல் முகவரியைப் பெயரில் வைக்காதீர்கள். ஒரே வகுப்பில் மூன்று பாத்திமா, இரண்டு கஜன் இருப்பார்கள். சேர்விலக்கம்தான் நல்லது. ஆனால் எக்செல் 00452 என்பதை 452 ஆக்கிவிடும். கட்டத்தை 'டெக்ஸ்ட்' ஆக மாற்றிச் சேமித்தாலும், அடுத்த முறை கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் பூச்சியங்கள் மறுபடி காணாமற் போகும். அதனால் இலக்கத்துக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்தைப் போட்டுவிடுங்கள், தொல்லை விட்டது. தமிழில் பெயர் எழுதினால் யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்தைக் கெடாமல் வைக்கும் முறை) சிஎஸ்வியாகச் சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயரெல்லாம் கேள்விக்குறிதான்.

கடவுச்சொல் குறைந்தது 8 எழுத்து. முதல் நுழைவிலேயே அதை மாற்றச் சொல்லும் நிரலில் (கோப்பின் 'கொலம்'), 'ட்ரூ' என்று ஆங்கிலத்தில் இடுங்கள். எல்லாருக்கும் பாடசாலைப் பெயரையே கடவுச்சொல்லாக வைப்பது மகா அநியாயம்; பக்கத்து மேசைப் பிள்ளை அன்றைக்கே உள்ளே போய்விடும்.

முதலில் இரண்டே வரிகளை ஏற்றிப் பாருங்கள். அப்புறம் முழுக் கோப்பு.

உயர்தரம் முடித்துப் போகிறவர்களை உடனே அழிக்க வேண்டாம், இடைநிறுத்தி வையுங்கள். அழித்த கணக்கை 20 நாட்களுக்குள் மட்டுமே மீட்கலாம்.