தொடக்கப்பள்ளிச் சுற்றுலாவும் செயல்பாடுகளும்: நாங்கள் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க

ஜூனில் பள்ளி திறந்து, புத்தகம் கொடுத்து முடிப்பதற்குள் முதல் கேள்வி வந்துவிடும்: “டீச்சர், இந்த வருஷம் டூர் எங்க?” நாமும் “பார்க்கலாம்” என்போம். அந்தப் “பார்க்கலாம்” காலாண்டுத் தேர்வைத் தாண்டி, மழை விடுமுறைகளைத் தாண்டி, பொங்கலையும் தாண்டி பிப்ரவரிக் கடைசியில் வந்து நிற்கும். அப்புறம் அவசர அவசரமாக ஒரு வண்டி பேசி, விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி, வண்டலூர், முதலைப் பண்ணை, மாமல்லபுரம், கடற்கரை என்று நாலு இடத்தையும் ஒரே நாளில் முடித்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்குத் தூங்கி வழியும் பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைப்போம். மறுநாள் “என்ன பார்த்தீங்க?” என்று கேட்டால் பாதிப் பேர் பஸ்ஸில் போட்ட பாட்டைச் சொல்வார்கள்.

மதுராந்தகம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இருபது வருடத்துக்கு மேலாக நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருக்கிறேன். இங்கே எழுதியிருக்கும் தவறுகளில் முக்கால்வாசி நானே செய்தவை.

மேலே சொன்ன நாலு இட டூரையே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டலூர் உயிரியல் பூங்கா மட்டுமே 600 ஹெக்டேருக்கு மேல். ஒன்பது வயதுப் பிள்ளை யானையைப் பார்த்துவிட்டுச் சிங்கத்திடம் போவதற்குள் கால் ஓய்ந்துவிடும். ஒரு நாளுக்கு ஓர் இடம். அது போதவில்லை என்று தோன்றினால், அது நம் ஆசை. பிள்ளைகள் யாரும் இதுவரை என்னிடம் வந்து “இன்னும் ரெண்டு இடம் பார்த்திருக்கலாம் டீச்சர்” என்று சொன்னதில்லை.

மாதம் தப்பினால் பறவை இல்லை

வேடந்தாங்கல் எங்களுக்குப் பக்கம். பக்கம்தானே என்று ஒரு வருடம் ஜூலையில் கூட்டிப்போனோம். ஏரியில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்தது. மரம் இருந்தது, நாரை இல்லை. பார்வைக் கோபுரத்தில் ஏறிய பையன் ஒருவன் அங்கிருந்து கத்தினான்: “டீச்சர், ஒரு காக்கா இருக்கு!” அன்றைக்கு நாங்கள் பார்த்த பறவைக் கணக்கு அவ்வளவுதான்.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்த பிறகுதான் அங்கே பறவைக் கூட்டம். நவம்பரில் வரத் தொடங்கி, டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை தண்ணீருக்குள் நிற்கும் மரங்களெல்லாம் கூடாக இருக்கும். நேரமும் முக்கியம். பதினொரு மணி வெயிலில் போனால் பிள்ளைகள் நிழலைத்தான் தேடுவார்கள். மேயப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்புவது சாயங்காலம். இப்போதெல்லாம் பொங்கல் விடுமுறை முடிந்து வரும் வாரங்களில், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்புகிறோம். நத்தைகுத்தி நாரை அலகை மூடினாலும் நடுவே ஒரு சந்து தெரியும். இரவல் வாங்கிய பைனாகுலரில் அதைப் பார்த்துவிட்டு ஒருத்தி சொன்னாள்: “பல்லு விழுந்த மாதிரி இருக்கு டீச்சர்.” அவளுக்கே முன்பல் இரண்டும் அப்போதுதான் விழுந்திருந்தன.

இன்னொரு தவறு, போகிற இடத்தைப் பற்றி முன்னால் எதுவுமே சொல்லாமல் கூட்டிப்போவது. பெரிய பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரு நுனி கிடைத்தால் போதும். வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று சொன்னாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அந்தப் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று ஊரார் 1798-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் துரையை ஏற்கெனவே தெரியும். மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் ராமர் காவல் நின்றார் என்று பாட்டிகள் சொல்லும் கதையில் வருகிற அதே துரை. “நம்ம ஏரி துரையா?” என்று கேட்டுவிட்டால், அப்புறம் நாம் பேச வேண்டியதில்லை.

விடுமுறை நாள் பார்க்காமல் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்த அனுபவமும் உண்டு. எந்த இடம் என்பது வேண்டாம், தப்பு என்னுடையது. பள்ளிக்கு வேலை நாள் என்றால் எல்லாவற்றுக்கும் வேலை நாள் என்று நினைத்துவிட்டேன். முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, வண்டலூருக்குச் செவ்வாய், எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. இவையும் மாறலாம், அதனால் முந்தின வாரம் ஒரு போன் போட்டுவிடுங்கள். முடிந்தால் ஓர் ஆசிரியர் ஒரு நாள் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவது இன்னும் நல்லது. அப்படிப் போகிறவர் பார்க்க வேண்டியது சிற்பத்தை அல்ல. கழிப்பறை எங்கே, அதில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, முப்பது பேர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட இடம் உண்டா, இவ்வளவுதான்.

“எனக்கு பஸ்னா வாந்தி வரும் டீச்சர்”

டூருக்கு ஆளுக்கு 350 ரூபாய் என்று ஒரு வருடம் வகுப்பில் அறிவித்தேன். யார் கொடுத்தார்கள் என்று தினமும் காலையில் பெயர் வாசித்துக் கேட்டேன். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்றாம் நாள் வந்து, “எனக்கு பஸ்னா வாந்தி வரும் டீச்சர், நான் வரல” என்றாள். நானும் பாவம் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் மாமா கல்யாணத்துக்குத் திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போய் வந்த கதையை அவள் தோழிகளிடம் கை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னல் ஓர இடம் கிடைத்ததாம்.

வகுப்பில் பெயர் வாசித்துக் காசு கேட்பதை அன்றோடு நிறுத்தினேன். இப்போது ஜூலையிலேயே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இடத்தையும் தொகையையும் சொல்லிவிடுகிறோம். மாதம் முப்பது நாற்பது என்று கொடுப்பவர்கள் கொடுக்கலாம். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது ஒரே ஓர் ஆசிரியருக்குத்தான் தெரியும். குறைவதை ஊரில் யாராவது போடுவார்கள், கேட்டால் போடுகிறார்கள். இதைவிட எளிய வழி, காசே கேட்காத பயணங்களை வருடம் முழுக்கப் பரப்பி வைப்பது. தபால் நிலையம், ஏரி மதகு, நாற்று நடும் வயல், அரிசி ஆலை, கூட்டுறவுப் பால் சங்கம். எல்லாம் நடந்து போகிற தூரம். “இதெல்லாம் டூரா?” என்று சக ஆசிரியர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

காசைப் போலவே, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பிள்ளையை வீட்டில் விட்டுவிடும் இன்னொரு விஷயம் இருக்கிறது. காலுக்குத் தாங்கலாகக் காலிப்பர் போட்டு நடக்கும் பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். அவன் அம்மாவே வந்து, “அவனால நடக்க முடியாது டீச்சர், உங்களுக்கும் சிரமம்” என்றார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போதும் நினைத்துக்கொள்வேன். மறு வருடம் அவன் நடக்கக்கூடிய இடமாகத்தான் தேர்ந்தெடுத்தோம். ஏரிக்கரைச் சமதளப் பாதையில் அவன் வேகத்துக்கு எல்லோரும் நடந்தார்கள். மெதுவாக நடந்ததால் மீன்கொத்தி பாய்வதை மூன்று முறை பார்த்தோம்.

வண்டியும் வயிறும்

வண்டி விஷயத்தில் சமரசமே கூடாது. பக்கத்து ஊர்தானே என்று குட்டியானையில் பிள்ளைகளை நிற்க வைத்து ஏற்றிப்போவதை இன்றும் பார்க்கிறேன். அது சரக்கு வண்டி. ஆள் ஏற்றுவது சட்டப்படியும் தவறு, ஒரு திடீர் பிரேக்கில் என்ன ஆகும் என்று யோசித்தாலும் தவறு. மூன்று பேர் சீட்டில் ஐந்து பேரைத் திணிப்பதும் அப்படித்தான்.

வெறும் வயிறு பஸ் வாந்தியை இன்னும் கூட்டிவிடும். இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளிலும் காலை உணவு உண்டு. உப்புமாவோ பொங்கலோ, பல பிள்ளைகளுக்கு முதல் சாப்பாடே பள்ளியில்தான். நாம் காலை ஐந்தரைக்கே வண்டியைக் கிளப்பினால் அவர்கள் ஒன்றும் சாப்பிடாமல்தான் வந்து ஏறுவார்கள். கூச்சத்தில் சொல்லவும் மாட்டார்கள். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் கடைசி வரிசையில் ஆரம்பித்துவிடும். ஒன்று, காலை உணவு முடித்துக் கிளம்புங்கள். இல்லையென்றால் கையோடு இட்லி எடுத்துப்போய் ஏறும்போதே கொடுங்கள். எலுமிச்சம்பழம், ஒரு வாளி மணல், கெட்டியான கவர் நிறைய. மதியத்துக்குப் புளிச்சோறு தாங்கும். தயிர்சாதம் வெயிலில் பஸ்ஸுக்குள் கிடந்தால் புளித்துவிடும். முக்கியமாக, சத்துணவு அமைப்பாளரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். ஒருமுறை நாங்கள் சொல்ல மறந்து, முப்பது பேருக்கு உலை வைத்துவிட்டு அந்த அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலை எண்ணுவதை நிற்கும்போது செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை எண்ணினால் 34 பேர் 36 ஆவார்கள். சீட்டில் உட்கார வைத்து, இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாக எண்ணி, கணக்கு ஒத்துப்போனால் மட்டும் வண்டி நகர வேண்டும். சட்டையில் வெளியே தெரியும்படி பிள்ளையின் பெயரை எழுதி ஒட்ட வேண்டாம். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை போய்விடும். பள்ளியின் பெயரும் ஆசிரியரின் போன் நம்பரும் போதும்.

தண்ணீர். 2024 ஜனவரியில் குஜராத்தின் வதோதராவில் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள், பலருக்கு உயிர்காப்பு உடை கிடையாது. இதைப் படித்த பிறகு எங்கள் பள்ளியில் படகு இல்லை, கடலில் கால் நனைப்பதும் இல்லை. மாமல்லபுரத்தில் அலை எப்படி இழுக்கும் என்பது அங்கே இருக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். “கால் மட்டும் டீச்சர்” என்று முப்பது பேர் கெஞ்சுவார்கள். கால் மட்டும் என்று தொடங்கி இடுப்பு வரை போக இரண்டு நிமிடம்கூட ஆகாது. கடலை மணலில் உட்கார்ந்து பார்க்கலாம்.

பூனையைப் பார்த்தவள்

மாமல்லபுரத்தில் நான் செய்த தவறு வேறு வகை. அர்ச்சுனன் தபசு முன்னால் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, பல்லவர், ஏழாம் நூற்றாண்டு, பாறைச் சிற்பம் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன். நோட்டில் எழுதச் சொன்னேன். குனிந்த தலை நிமிராமல் எழுதினார்கள். எவ்வளவு பெரிய பாறை முன்னால் நின்றுகொண்டு, எல்லோரும் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

எழுதாமல் நின்ற ஒருத்தியை அதட்டப் போனேன். அவள் யானைகளுக்குப் பக்கத்தில் கீழே கை காட்டினாள். அங்கே ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். “டீச்சர், அது சாமி கும்பிடுற மாதிரி நடிக்குது.” எனக்கு வார்த்தை வரவில்லை. நான் அந்த இடத்துக்கு ஆறேழு முறை வந்திருக்கிறேன், அந்தப் பூனையை அன்றுதான் கவனித்தேன். அவள் உயரத்துக்கு அது நேராகத் தெரிந்திருக்கிறது. நான் மேலேயே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து நோட்டு எடுத்துப்போவதில்லை. இறங்கியதும் பத்து நிமிடம் சும்மா பார்க்கச் சொல்கிறேன். “யாரும் பார்க்காத ஒண்ணு கண்டுபிடிச்சு வாங்க.” பேசுவது அப்புறம்தான். திரும்பி வந்து “நான் சென்ற சுற்றுலா” என்று பத்து வரிக் கட்டுரை எழுதச் சொல்வதையும் விட்டுவிட்டேன். எல்லாக் கட்டுரையும் “நாங்கள் காலையில் மகிழ்ச்சியுடன் புறப்பட்டோம்” என்றுதான் தொடங்கும், வாந்தி எடுத்தவன் எழுதியதும் சேர்த்து.

வகுப்புக்குள்ளேயும் இதே கதைதான்

தபால் நிலையத்துக்குப் போய் 50 காசு அஞ்சலட்டை வாங்கி அவரவர் வீட்டுக்குக் கடிதம் எழுதினோம். நான் கரும்பலகையில் “நலம், நலமறிய ஆவல்” என்று முழுக் கடிதத்தையும் எழுதிப் போட்டேன். எல்லோரும் பிசகாமல் பார்த்து எழுதினார்கள். ஸ்ரீபெரும்புதூரில் தங்கி வேலை பார்க்கும் அப்பாவுக்கு எழுதிய ஒரு பையன் மட்டும் அடியில், எறும்பு எழுத்தில், “அப்பா நம்ம ஆடு குட்டி போட்டுச்சு. ரெண்டு” என்று சேர்த்திருந்தான். அந்த அட்டையில் கடிதம் என்று இருந்தது அந்த ஒரு வரிதான். இப்போது முகவரியும் ஆறு இலக்க அஞ்சல் குறியீடும் மட்டும் நான் சரிபார்க்கிறேன்.

செயல்திட்டம் என்றால் கடையில் வாங்கிய சார்ட்டும் தெர்மாகோலும் அம்மாவின் கையெழுத்தும் என்றாகிவிட்டது. வீட்டுக்குக் கொடுத்தால் வீடுதான் செய்யும். அதனால் எல்லாம் வகுப்பிலேயே, கொட்டாங்குச்சியிலும் பழைய பேப்பரிலும். விதை முளைக்க வைப்பதை வெள்ளிக்கிழமை தொடங்காதீர்கள். சனி, ஞாயிறு தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் திங்களன்று முப்பது பேர் அழுவார்கள்.

ஆண்டு விழாவைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும். மூன்று நிமிட ஆட்டத்துக்கு ஒரு மாதம் ஒத்திகை, வாடகை உடை, முன்வரிசையில் எப்போதும் அதே நாலு பேர். சிறப்பு விருந்தினர் தாமதமாக வர, பாரதியார் வேடம் போட்ட பிள்ளை கறுப்புக் கோட்டோடு வெயிலில் நிற்கும். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள், விருந்தினர் வரும்போது வரட்டும்.

போட்டோ கொஞ்சமாக எடுங்கள். எடுத்ததைப் பெற்றோரைக் கேட்காமல் வெளியே போடாதீர்கள். தலைமை ஆசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து எல்லாம் எழுத்தில் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பலருக்குத் தோன்றாதது டூர் நோட்டு. ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு பயணம் முடிந்த அன்றே, களைப்போடு களைப்பாக, நாலு வரி எழுதி அலுவலக அலமாரியில் வைத்துவிடுங்கள். அடுத்த வருடம் வருகிற ஆசிரியருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. எங்கள் நோட்டில் கடைசியாக இருப்பது இது: “வேடந்தாங்கல். மதியம் 2 மணி, 34 பேர். பைனாகுலர் ஒன்று, சண்டை. அடுத்த முறை இரண்டு. பெண்கள் கழிப்பறைக்குக் கையில் மக் எடுத்துப்போகவும். கவர் 5, போதவில்லை. கூழைக்கடா எதற்காக வாயை அப்படித் திறக்கிறது என்று கேட்டார்கள், தெரியவில்லை, பார்த்துச் சொல்ல வேண்டும்.”